திரையில் கரையும் சிரிப்பு. தாளில் தங்கும் சிரிப்பு



உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும். திருமணப் பந்தியில் அமர்ந்த பெரியவர் பிரியாணித் தட்டை எந்தக் கண்ணால் பார்ப்பார், தாலுகா அலுவலக எழுத்தர் எப்படிக் கொட்டாவி விட்டுக்கொண்டே "நாளைக்கு வாருங்கள்" என்பார், துபாயிலிருந்து வந்திறங்கிய மச்சான் தம் கைக்கடிகாரம் பிறர் கண்ணில் படும்படி எப்படித் தலை கோதுவார் என்றெல்லாம் நடித்துக் காட்டி வீட்டையே குலுங்க வைப்பான். "இவனைத் தொலைக்காட்சிக்கு அனுப்பி விடலாம்" என்பார் மாமா. "முதலில் படிக்கிற வழியைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்பார் அத்தா. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காட்டிலும், வ.களத்தூரிலும், பெரம்பலூரின் சந்துகளிலும், சிமெண்ட் லாரிகள் புழுதி கிளப்பும் அரியலூர்ச் சாலையோரங்களிலும் இத்தகைய பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை. முன்பு அவன் சிரிப்பு வீட்டு முற்றத்தோடு நின்றது. இன்று கைப்பேசியில் படம் பிடித்து ஒரே இரவில் ஊர் முழுதும் அனுப்பி விடுகிறான். மறுநாள் கடைத்தெருவில் அனைவரும் அதைச் சொல்லிச் சிரிக்கின்றனர். அதற்கும் மறுநாள்? அனைவரும் மறந்து விடுகின்றனர்.

அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று? அதை விதைத்தவனுக்கு மிஞ்சியது என்ன? பார்த்தவர்க்கு மிஞ்சியது என்ன? இக்கேள்விக்குத் தம் எழுத்து வாழ்வினாலேயே விடை தந்த ஒருவரை இம்மாதம் உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறோம். அவர் தமிழர் அல்லர், முஸ்லிமும் அல்லர். ஆயினும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் வாழ்வில் பாடம் உண்டு.

தொடர்களின் தந்தை

அவர் பெயர் மனோகர் ஷ்யாம் ஜோஷி. 1933-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் நாள் அஜ்மீரில் பிறந்தவர். குடும்பத்தின் வேர் இமயமலை அடிவாரத்துக் குமாவுன் பகுதியில் இருந்தது. இதழாளராகவும் வானொலியில் எழுதுபவராகவும் பணியாற்றி, பின்னர் 'சாப்தாஹிக் ஹிந்துஸ்தான்' என்ற ஹிந்தி வார இதழின் ஆசிரியராக உயர்ந்தார்.

இந்தியத் தொலைக்காட்சியின் முதல் நெடுந்தொடரான 'ஹம் லோக்' 1984 ஜூலை 7-ஆம் நாள் தூர்தர்ஷனில் தொடங்கியது. 'நாங்கள்' என்பது அதன் பொருள். குடிகாரத் தந்தை, பொறுமையே உருவான தாய், வேலை தேடும் மகன், மணமாகாத மகள்கள் எனக் கீழ் நடுத்தரக் குடும்பம் ஒன்றின் அன்றாடப் பாடே கதை. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றிக் குடும்பத்துப் பெரியவர் போல நேயர்களோடு இரண்டு வார்த்தை பேசுவார். ஹிந்தி அறியாத நம் ஊர்களில் அதைக் கண்டவர்கள் குறைவு. வடநாட்டிலோ, 1985 டிசம்பரில் தொடர் முடியும் வரை அது ஒளிபரப்பாகும் நேரத்தில் தெருக்கள் வெறிச்சோடின. அத்தொடரை எழுதியவர் ஜோஷி.

அத்தொடர் பிறந்த கதையும் சுவையானது. மெக்சிகோ நாட்டில் தொடர்கதை வழியே மக்களுக்கு நல்ல கருத்துகளைக் கொண்டு செல்லும் முறை ஒன்று வழக்கில் இருந்தது. அன்றைய செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சர் வசந்த் சாத்தே அங்குச் சென்றிருந்தபோது அதை அறிந்து, நம் நாட்டிலும் அவ்வாறு செய்ய விரும்பினார். குடும்பக் கட்டுப்பாட்டை வலியுறுத்துவதே தொடக்க நோக்கம். முதல் வாரங்களில் பாடம் தூக்கலாகவும் கதை மெலிவாகவும் இருந்தது. மக்கள் முகம் சுளித்தனர். உடனே பாடத்தின் அளவு குறைக்கப்பட்டது. கதையின் அளவு கூடியது. அதன் பின்னரே தொடர் ஓடத் தொடங்கியது.

மேடையேறிப் புத்தி சொல்லும் எழுத்தை மக்கள் மதிப்பார்கள். ஆனால் பின்தொடர மாட்டார்கள். மக்களைத் தம் வீட்டுக் கதையையே பார்க்க வைத்தால் சொல்லாத புத்தியையும் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஜோஷி இந்த உண்மையை வாரந்தோறும் கண்கூடாகக் கண்டார் எனலாம்.

அடுத்து வந்தது 'புனியாத்'. தேசப் பிரிவினையில் லாகூரை விட்டுப் பெயர்ந்த ஒரு குடும்பத்தின் கதை. இது கண்ணீர்த் தொடர். பின்னர் வந்தவையே நம் கட்டுரைக்கு வேண்டியவை. 1988-இல் 'காக்காஜி கஹின்'. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே நாட்டு நடப்பை அளந்து, காரியம் முடித்துத் தருவதாகக் காசு பார்க்கும் அரசியல் தரகராக ஓம் புரி நடித்தார். அடுத்து 'முங்கேரிலால் கே ஹசீன் சப்னே'. அதாவது, முங்கேரிலாலின் அழகிய கனவுகள். அலுவலகத்தில் அதிகாரிக்கும், வீட்டில் மனைவிக்கும் மாமனாருக்கும் அஞ்சி நடுங்கும் ஓர் எழுத்தர், கண் மூடினால் மாவீரன் ஆகி விடுவார்! அவ்வேடத்தில் ரகுவீர் யாதவ் நடித்தார். இன்றும் வடநாட்டில் பகற்கனவு காண்பவனை 'முங்கேரிலால்' என்றே கேலி செய்கின்றனர். ஓர் எழுத்தாளனின் பாத்திரப் பெயர் நாட்டு வழக்கில் கலந்து விடுவது எளிதில் கிட்டாத பேறு.

திரை தந்தது, தாள் கேட்டது

இத்தனை புகழ் பெற்றவர் என்ன செய்திருக்க வேண்டும்? ஆண்டுக்கு இரண்டு தொடர் எழுதிப் பொருள் ஈட்டியிருக்கலாம். அவர் தொலைக்காட்சியையும் திரைப்படத்தையும் முற்றாக விட்டு விடவில்லை. ஆயினும் 1990-களில் அவர் பேனா பெரிதும் நாடியது நாவலை. அதிலும், எள்ளலும் எரிச்சலும் இரக்கமும் கலந்த அங்கத நாவலை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அவர் புதிதாக ஓரிடத்திற்குப் போகவில்லை. பழைய வீட்டிற்கே திரும்பினார். தொலைக்காட்சிக்கு முன்பே, 1980-இல் 'குரு குரு ஸ்வாஹா', 1982-இல் 'கஸப்' என இரு நாவல்கள் வெளியாகியிருந்தன. முதல் நாவல் வந்தபோது அவருக்கு வயது 47. 'காக்காஜி' தொடர் கூட முதலில் 'நேதாஜி கஹின்' என்ற பெயரில் அச்சில் வந்த நையாண்டி எழுத்திலிருந்து பிறந்ததே. தாளில் பிறந்து, திரையில் வளர்ந்து, மீண்டும் தாளுக்கே திரும்பிய சிரிப்பு அது.

1994-இல் வெளிவந்த 'ஹரியா ஹெர்குலீஸ் கி ஹைரானி' நாவலைப் பாருங்கள். தில்லியில் குடியேறிய குமாவுன் மக்களிடையே ஹரியா என்றொரு மனிதர். மணமாகாதவர். நோயுற்ற முதிய தந்தைக்கு முகம் சுளிக்காமல் பணிவிடை செய்பவர். கதை இவ்வளவுதானா என்று கேட்டால், இல்லை. அவர் வாழ்வில் ஏதோ நடந்து விட்டது என்று சுற்றத்தார் பேசத் தொடங்குகின்றனர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கின்றனர். இவர் கூட்டுகிறார், அவர் கழிக்கிறார். நாவலின் உண்மையான நாயகன் ஹரியாவா, அந்த ஊர்ப் பேச்சா என்ற ஐயம் நமக்கே வந்து விடுகிறது. நம் ஊர்த் திண்ணைகளை நினைத்துக்கொள்ளுங்கள்! ஒரு வீட்டுச் சம்பந்தம் முறிந்த செய்தி ஒரு தெருவைக் கடப்பதற்குள் எத்தனை வால் முளைத்து விடுகிறது!

அதன் பின் 'ட்டா புரொபஸர்', 2001-இல் 'க்யாப்'. 'க்யாப்' என்பது குமாவுன் பேச்சு வழக்கில் விளங்காத, விசித்திரமான ஒன்றைக் குறிக்கும் சொல். சாதி தாண்டிய காதலும் அரசியல் ஏமாற்றமும் அதில் பின்னிக் கிடக்கின்றன. 2005-ஆம் ஆண்டு இந்நாவலுக்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. சில மாதங்களில், 2006 மார்ச் 30-ஆம் நாள், ஜோஷி மறைந்தார். கோடிக்கணக்கானோர் கண்ட தொடர்களுக்காக அல்ல, சில ஆயிரம் பேர் படித்த நாவலுக்காகவே நாட்டின் உயரிய இலக்கிய விருது அவரைத் தேடி வந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஒரே சரக்கு, இரண்டு சமையல்

"சிரிப்பு சிரிப்புதானே! திரையில் வந்தால் என்ன, தாளில் வந்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நம் வட்டாரத்து உதாரணம் ஒன்றைக் கொண்டே விளக்குவோம்.

அரியலூர் மக்களின் முகவரியை எண்ணிப் பாருங்கள். 1995 வரை அவர்கள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தினர். 1995-இல் பெரம்பலூர் மாவட்டத்தினர் ஆயினர். 2001-இல் அரியலூர் தனி மாவட்டம் ஆயிற்று. 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைந்தது. 2007-இல் மீண்டும் தனி மாவட்டம்! வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காத ஒருவர், 12 ஆண்டுகளில் நான்கு முறை மாவட்டம் மாறி விட்டார். இது கற்பனை அன்று. அரசிதழ் கூறும் வரலாறு.

இதைத் தொலைக்காட்சி நகைச்சுவையாக எழுதுவோமா? பெயர்ப் பலகை எழுதும் ஓவியர் ஒருவரை நாயகன் ஆக்குவோம். அவர் 'பெரம்பலூர் மாவட்டம்' என்று எழுதி முடித்துத் தூரிகையைக் கழுவும்போது ஆணை வருகிறது. அழித்து 'அரியலூர் மாவட்டம்' என்று எழுதுகிறார். வண்ணம் உலர்வதற்குள் அடுத்த ஆணை. மீண்டும் அழிக்கிறார். நான்காம் முறை அதிகாரி வரும்போது ஓவியர் வண்ணப் புட்டியை மூடி வைத்து விட்டு, "ஐயா, இனிமேல் சாக்கட்டியால் எழுதுகிறேன், உங்களுக்கும் துடைக்கச் சுலபம்" என்கிறார். பார்ப்பவர் கைதட்டிச் சிரிப்பார். ஐந்து நிமிடம். விளம்பரம் வரும். முடிந்தது.

இதையே அங்கதக் கதையாக எழுதுவோம். கணவனை இழந்த மூதாட்டி ஒருவர் உதவித்தொகை கேட்டு மனுக் கொடுக்கிறார். இதுவும் கற்பனையே. மனு திருச்சியில் இருக்கையில் மாவட்டம் மாறுகிறது. கோப்பு பெரம்பலூருக்குப் போகிறது. அங்கே முத்திரையிடும் வேளையில் அரியலூருக்குப் போகிறது. பின் திரும்புகிறது. பின் மறுபடி போகிறது. ஒவ்வொரு முறையும் மூதாட்டிக்கு மிக மரியாதையான கடிதம் வருகிறது: 'தாங்கள் எம் மாவட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' எழுத்து அறியாத அவர், பக்கத்து வீட்டுப் பையனிடம் படிக்கக் கொடுக்கிறார். முதல் கடிதத்தைப் படித்தபோது அவன் மூன்றாம் வகுப்பு. கடைசிக் கடிதத்தைப் படிக்கும்போது அவனுக்கு மீசை முளைத்திருக்கிறது. கோப்பு அவரை விட அதிக ஊர் பார்த்து விட்டது. "அந்தக் காகிதத்துக்காவது பஸ் சத்தம் கொடுக்கிறார்கள் போலிருக்கு" என்கிறார் மூதாட்டி.

இப்போதும் சிரிப்பு வருகிறது. ஆனால் சிரித்து முடித்த பின் தொண்டையில் ஏதோ அடைக்கிறது அல்லவா? அதுவே அங்கதம். முதல் சிரிப்பு நம்மை இலேசாக்கி அனுப்புகிறது. இரண்டாவது சிரிப்பு நம் கையில் ஒரு சுமையைக் கொடுத்து அனுப்புகிறது.

இதன் காரணங்களும் தெளிவானவை. அரை மணி நேரத் தொடரில் விளம்பரம் போக 20 நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலாக மிஞ்சும். அதற்குள் நிமிடத்திற்கு இருமுறையேனும் சிரிக்க வைத்தாக வேண்டும். இல்லையேல் நேயர் விரல் வேறு அலைவரிசைக்குத் தாவி விடும். பணம் போடும் நிறுவனம் முகம் சுளிக்கக் கூடாது. அமைச்சர் முகம் சுளிக்கக் கூடாது. நடிகர் வரியை மாற்றுவார். இயக்குநர் காட்சியை மாற்றுவார். எழுதியவர் பெயர் ஓடும் எழுத்துகளில் ஒரு கணம் மின்னி மறையும். ஆனால் ஓர் உதவியும் உண்டு. எழுத்து நொண்டினால் நடிகரின் முகம் தாங்கிப் பிடிக்கும். இசை தட்டிக் கொடுக்கும்.

தாளில் அந்த ஊன்றுகோல்கள் இல்லை. சொல் தானே எழுந்து நிற்க வேண்டும். மௌனத்தையும் சொல்லால்தான் உண்டாக்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் கூலி, எவருடைய கட்டளையும் இன்றி ஒரு மனிதனின் மனத்துக்குள் நுழையும் உரிமை. முங்கேரிலால் என்ன கனவு கண்டார் என்பதைத் திரை காட்டி விடும். அவர் ஏன் கனவு காணும்படி ஆயிற்று என்பதைத் தாளே பொறுமையாகச் சொல்ல முடியும்.

தமிழ்நாட்டு நிலை

தமிழில் இத்தகையோர் உண்டா என்றால், உடனே நினைவுக்கு வருபவர் கிரேஸி மோகன். 2019 ஜூன் 10-ஆம் நாள் மறைந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த இயந்திரவியல் பொறியாளர். நாடகம், தொலைக்காட்சி, திரைப்படம் மூன்றிலும் சொல் விளையாட்டால் தமிழரைச் சிரிக்க வைத்தவர். அவர் நாடகங்களின் நாயகன் பெயர் பெரும்பாலும் மாது. நாயகி பெயர் ஜானகி. தம்மைப் பள்ளியில் மேடையேற்றிய ஆசிரியையின் பெயரையே நன்றியோடு தம் நாயகிகளுக்குச் சூட்டினார்.

இவரும் அச்சுக்கு வந்தார். கிச்சா என்ற பாத்திரத்தை வைத்து நகைச்சுவைக் கதைகள் எழுதினார். 'அமெரிக்காவில் கிச்சா' அவ்வகை நூல். ஆனால் ஜோஷியின் பாதை வேறு, மோகனின் பாதை வேறு. மோகனின் சிரிப்பு எவரையும் குத்தாது. எந்த அதிகாரத்தையும் கேள்வி கேட்காது. குடும்பத்தோடு அமர்ந்து அச்சமின்றிச் சிரிக்கலாம். அது ஒரு பெருந்தொண்டே. எனினும் தொலைக்காட்சியின் சிரிப்பைச் சமூக அங்கதமாக உருக்கி, நாவலாக வார்க்கும் வேலை தமிழில் இன்னும் போதிய அளவு நடைபெறவில்லை என்பதே நம் கருத்து.

இவ்விருவரும் ஓரிடத்தில் கைகோத்தார்கள் என்பது சுவையான செய்தி. 1989-இல் வெளிவந்த 'அபூர்வ சகோதரர்கள்' படத்தின் தமிழ் வசனம் மோகனுடையது. அப்படம் ஹிந்தியில் 'அப்பு ராஜா' ஆனபோது அதில் எழுத்துப் பணி செய்தவர் ஜோஷி. தென்னாட்டுச் சிரிப்பை வடநாட்டுச் சிரிப்பாளர் சுமந்து சென்றார்!

அயல்நாட்டிலும் இவ்வழி நடந்தவர்கள் உண்டு. மரியா செம்பிள் என்ற அமெரிக்கப் பெண்மணி ஆண்டுக்கணக்கில் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்கள் எழுதியவர். பின் நாவல் எழுதத் தொடங்கி, சியாட்டில் நகரில் குடியேறினார். 2012-இல் வந்த 'வேர்ட் யூ கோ, பெர்னடெட்' என்ற அவருடைய நாவல் அந்நகரத்து வசதி படைத்தோரின் பள்ளிப் பெருமை, அண்டை வீட்டுச் சண்டை ஆகியவற்றைக் கடிதங்களும் குறிப்புகளுமாகத் தொகுத்து எள்ளி நகையாடுகிறது. நாயகியும் படைப்பதை நிறுத்தி விட்ட ஒரு கலைஞரே. அந்த நின்று போன வலியை நகைச்சுவைக்குள் மறைத்து வைத்திருப்பதுதான் நாவலின் உயிர்.

நம் மரபில் இது புதிதன்று

முஸ்லிம்களுக்கும் அங்கதத்துக்கும் என்ன தொடர்பு என்று எவரேனும் கேட்டால் வியப்பே உண்டாகும். கிட்டத்தட்ட 1,150 ஆண்டுகளுக்கு முன் பஸ்ரா நகரில் வாழ்ந்த அல்-ஜாஹிஸ், 'கிதாபுல் புகலா' என்ற நூலைக் கருமிகளைப் பற்றியே எழுதினார். அந்நூலின் கருமிகள் சாமானியர் அல்லர். தம் கஞ்சத்தனத்துக்கு அறிவார்ந்த வாதங்களை அடுக்குபவர்கள். விருந்தினருக்குச் சோறு போடாமைக்கும் தத்துவம் பேசுபவர்கள்! திட்டுவதை விட அவர்களையே பேச விடுவது கூரிய ஆயுதம் என்பதை அப்பெரியவர் அன்றே அறிந்திருந்தார்.

அண்டை மாநிலமான கேரளத்தில் வைக்கம் முஹம்மது பஷீர் 1951-இல் எழுதிய, 'எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது' என்ற பெயரில் தமிழிலும் வந்துள்ள கதையை நீங்கள் அறிவீர்கள். வழக்காடிச் சொத்தெல்லாம் இழந்த ஒரு முஸ்லிம் குடும்பம். தாய்க்கோ, தன் தந்தையிடம் யானை இருந்தது என்ற பெருமை மட்டும் குறையவில்லை. முடிவில் ஊர்ச் சிறுவர்கள் அந்த யானையைக் குழியானை ஆக்கி விடுகின்றனர். மணலில் குழி பறிக்கும் சின்னஞ்சிறு பூச்சி! பழம்பெருமை பேசியே நிகழ்காலத்தைத் தொலைக்கும் நோய்க்கு இதனினும் இனிய மருந்தை எவர் தந்தார்? பஷீர் நம் மக்களை வெறுத்து அதை எழுதவில்லை. அந்தத் தாயின் மீது அவருக்கு எல்லையற்ற பரிவு இருந்தது. அதனாலேயே நாம் காயப்படாமல் திருந்துகிறோம்.

யாரைப் பார்த்துச் சிரிப்பது?

இங்கேதான் நம் கட்டுரையின் நெஞ்சு இருக்கிறது.

தமிழ்த் திரைப்படங்களிலும் தொலைக்காட்சி நகைச்சுவையிலும் நெடுங்காலமாக ஒரு 'பாய்' உலவி வருகிறார். லுங்கி, தொப்பி, "நம்பள்... நிம்பள்..." என்ற பேச்சு. அவர் எந்த ஊர்க்காரர் என்பது எழுதியவருக்கே தெரியாது. அத்தாவையும் அம்மாவையும் நல்ல தமிழில் அழைத்து, ஆயிரம் ஆண்டுத் தமிழைப் பேசி வாழும் பெரம்பலூர் வட்டாரத்து முஸ்லிம் அந்தத் திரையைப் பார்த்துத் திகைக்கிறார். அவர் பிள்ளை பள்ளியில் அதே குரலில் கேலி செய்யப்படுகிறான்.

அதை எழுதியவர்கள் அனைவரும் தீயவர்களா? இல்லை. பலருக்கு நேரம் இல்லை, அறிமுகம் இல்லை. வாரம் ஒரு பகுதி எழுதியாக வேண்டும்; கைக்கு எட்டிய பொம்மையை எடுத்து ஆட்டி விட்டார்கள். சிரிப்பு மலிவாகும்போது அதன் விலையை எளியவர்களே கொடுக்கிறார்கள்.

இக்குறையைப் போக்க முழக்கம் மட்டும் போதுமா? நம்மை அறிந்த ஒருவர் நம்மைப் பற்றி எழுத வேண்டும். குறைகளோடும் அழகுகளோடும் எழுத வேண்டும். வரதட்சணை வாங்குவது தவறு என்று மேடையில் முழங்கி விட்டு, "நாங்களாக எதுவும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைத் தடுப்பானேன்?" என்று பல்லிளிக்கும் பெரிய மனிதரைப் பற்றி எழுத வேண்டும். கடன் வாங்கிப் பெட்டி நிறைய அத்தரும் போர்வையும் வாங்கி வரும் வளைகுடாப் பிள்ளையையும், "இவ்வளவுதானா?" என்று கேட்கும் உறவையும் பற்றி எழுத வேண்டும். பிறர் எழுதினால் அது கேலி. நாமே எழுதினால் அது மருத்துவம்.

அதற்கும் வரம்பு உண்டு. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்கலாகாது, பட்டப் பெயர் சூட்டலாகாது என்று அல்-ஹுஜுராத் அத்தியாயம் எச்சரிப்பதை நாம் அறிவோம். ஒருவரின் நிறம், உடற்குறை, வறுமை, திக்குவாய், குலம் ஆகியவற்றைக் கண்டு சிரிப்பது அவ்வெச்சரிக்கைக்குள் அடங்கும். அவர் அவற்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் பாசாங்கும் பேராசையும் அதிகாரச் செருக்கும் ஒருவர் தாமே தேர்ந்து அணிந்த ஆடைகள். பெயர் சொல்லி ஆளை அவமதிக்காமல், அந்த ஆடையின் கிழிசலைக் காட்டுவது அங்கதக்காரனின் வேலை. மூதாட்டியின் கதையில் நாம் மூதாட்டியைப் பார்த்தா சிரித்தோம்? இல்லை, அவரோடு சேர்ந்து, கோப்பைப் பார்த்துச் சிரித்தோம். இந்த ஒரு வேறுபாட்டை நம் பிள்ளைக்கு உணர்த்தி விட்டால் போதும்.

பெற்றோர்க்குச் சில வார்த்தைகள்

நடித்துக் காட்டும் பிள்ளையை அடக்கி விடாதீர்கள். அவனிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். "நேற்று செய்து காட்டினாயே, அதை எழுதிக் காட்டு" என்று சொல்லுங்கள். முதலில் திணறுவான். முகத்தாலும் குரலாலும் செய்ததைச் சொல்லால் செய்வது எளிதன்று. அந்தத் திணறலே எழுத்தின் பள்ளிக்கூடம்.

பெண் பிள்ளைகளை மறந்து விடாதீர்கள். அடுப்படியில் நடக்கும் நகைச்சுவைக்கு இணையானது உலகில் இல்லை. அதை எழுத வேண்டிய கை அங்கேயே இருக்கிறது. செம்பிள் எழுதியதும் ஒரு தாயின் அலுப்பைத்தான்.

வருவாய் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. தமிழில் ஒரு நாவல் பெரும்பாலும் ஆயிரம் படிகளுக்குள்ளேயே அச்சாகிறது. எழுதியவருக்கு வழக்கமாகக் கிடைப்பது விலையில் 10 விழுக்காடு. குடும்பம் நடத்த அது போதாது. ஆனால் ஜோஷி இதழாசிரியர் வேலையில் இருந்தபடியே முதல் நாவல்களை எழுதினார். மோகன் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே நாடகங்கள் எழுதினார். படிப்பும் பிழைப்பும் ஒரு கையில், பேனா மறு கையில் என்பதே இருவரும் காட்டிய வழி.

பிள்ளையின் கைப்பேசிப் படங்களைப் பழிக்கவும் வேண்டாம். ஜோஷிக்குத் தொலைக்காட்சி ஒரு பயிற்சிக் களமாக இருந்தது. எந்தச் சொல்லுக்கு மக்கள் சிரிக்கிறார்கள், எங்கே அலுத்துக் கொள்கிறார்கள் என்பதை அவர் அங்கே கற்றார். திரைக்கதை எழுதுவது எப்படி என்று மாணவர்களுக்காகத் தனி நூலே எழுதித் தந்தார். திரை தீங்கன்று, திரையோடு நின்று விடுவதே இழப்பு.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கு நீங்கள் போயிருக்கலாம். பாறையைப் பிளந்தால் கடற்சிப்பிகள் கல்லாய்க் கிடக்கின்றன. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன் அங்கே கடல் இருந்தது. எத்தனை கோடி அலைகள் எழுந்து ஆரவாரித்திருக்கும்! ஓர் அலையும் இன்று இல்லை. சத்தமின்றி அடியில் படிந்த சிப்பிதான், இங்கே ஒரு கடல் இருந்தது என்று நமக்குச் சொல்கிறது.

நம் வீட்டு முற்றத்துச் சிரிப்பும் அலையாய் எழுந்து அடங்கிக்கொண்டே இருக்கிறது. அதில் ஒரு சிப்பியையாவது படிய வைக்க ஒரு பிள்ளை முன்வரட்டும். அவன் எழுதியதை முதலில் படிப்பவர் நீங்களாக இருங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். சிரித்த பின் தொண்டை அடைத்தால், அவனைத் தட்டிக் கொடுங்கள்.